வீட்டாருக்குக் கேட்காமல் கிற்றார் பழகுவது

பெரியவர்களுக்குக் கிற்றார் பழக்குவது கோபக்காரர்கள் செய்யக்கூடாத தொழில். திருகோணமலையில் அதைச் செய்கிற கோபக்காரி நான். ஒரு காலத்தில் உப்புவெளி விடுதிகளில், வெளிநாட்டுக்காரர்கள் இறால் உரித்துச் சாப்பிடும்போது ஓரமாக இருந்து வாசித்தேன். இப்போது பாலையூற்றில் என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைகளில் வகுப்பு. பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. நாற்பது தாண்டியவர்கள் மட்டும். என்னைவிட மூத்தவர்கள் வந்து, கதிரை நுனியில் இருந்து, 'மிஸ்' என்று கூப்பிட்டு என்னிடம் ஏச்சு வாங்குவார்கள். இதை வாசிக்கிற நீங்களும் அந்த வயதில் எதையாவது பழகப் போய் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்றால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

நான் சொல்லப்போவது மூன்று பேரைப் பற்றி. சிவபாலன் ஐயா வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நசீர் கிண்ணியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஜெயந்தி அக்காவுக்கு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. முதல் இருவருக்கும் அவசரம் இல்லை. அக்காவுக்கு இருந்தது. சின்ன வயதில் அவருடைய அப்பா கிற்றார் வாங்கிக் கொடுத்தது அண்ணனுக்கு. பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு என்று அக்காவைத் தொடவும் விடவில்லையாம். அந்த அண்ணன் நோர்வேயிலிருந்து ஆவணியில் குடும்பத்தோடு வருகிறார். அன்றைக்குத் தன் வீட்டில், தன் ஆட்களுக்கு முன்னால், ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

சந்தனம் வைத்த கிற்றார்

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களையும் வாத்தியங்களையும் சாமியறையில் வைப்பது எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். விஜயதசமியன்று எடுத்து, ஒரு வரியாவது வாசித்துவிட்டு, பழையபடி வேலையைப் பார்க்க வேண்டும். சிவபாலன் ஐயா வைத்தார், எடுக்கவில்லை. தீபாவளி போனது, திருவெம்பாவை போனது. மனிதர் சனிக்கிழமை தவறாமல் வெறுங்கையோடு வந்து, மற்றவர்கள் வாசிப்பதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போவார். கிற்றார் எங்கே என்றால், பத்திரமாக இருக்கிறது என்பார்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை நானே அவர் வீட்டுக்குப் போனேன். சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், பட்டுத்துணி போர்த்து, காய்ந்த மாலையோடு கிற்றார் நிற்கிறது. சாமியறை என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். வாத்தியத்தைக் கண் படுகிற இடத்தில் ஒரு கதிரையில் வையுங்கள், அந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும் எடுத்துக் கொஞ்சம் வாசியுங்கள், பழகுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! கடற்காற்றில் கம்பி கறள் பிடிக்கும் என்று பொலித்தீன் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். கும்பிட வைத்தவரை அன்றுதான் கண்டேன். ஐயா நான் ஏசி முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, துணியை விலக்கி, கிற்றாரின் வயிற்றில் இருந்த பொட்டைக் காட்டினார்.

"மிஸ், சந்தனம் வைச்சாச்சு. இனி எப்பிடி இதைத் தொடைக்கு மேலை வைச்சு வாசிக்கிறது?"

நசீரின் விரல்கள்

நசீர் என்னிடம் வரமுன் கைபேசியில் காணொளி பார்த்துத் தானாகவே பழகியவர். முதல் நாள் கிண்ணியாப் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது இடக்கை விரல் நான்கிலும் பிளாஸ்டர். என்னுடைய கை சீமெந்துப் பை தூக்கத்தான் சரி, இதுக்குச் சரிவராது, மிஸ் ஒருக்காப் பார்த்து அதைச் சொல்லிவிட்டால் நிம்மதியாக விட்டுவிடுவேன் என்றார். கைவிடுவதற்கு உத்தரவு வாங்க இவ்வளவு தூரம் வந்த ஆளை நான் அதற்குமுன் கண்டதில்லை.

கிற்றாரை வாங்கி ஒரு கம்பியை அமத்திப் பார்த்தேன். எனக்கே நொந்தது. கம்பிகள் உடுப்புக் காயப்போடுகிற கொடி மாதிரி உயரத்தில் நிற்கின்றன. விற்ற கடைக்காரன் கை பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். கடிக்கிற செருப்பை அடுத்த நாளே கொண்டுபோய்க் கடையில் எறிகிற அதே மனிதர், கடிக்கிற கிற்றாரை வைத்துக்கொண்டு தன் விரலில் குற்றம் தேடியிருக்கிறார். ஏனென்றால் வயது போனவனுக்கு எது வராவிட்டாலும் பிழை அவனில்தான் என்று சுற்றியுள்ள அத்தனை பேரும் சொல்லி வைத்திருக்கிறோம். கம்பிகள் ஏறி நிற்கிற வெள்ளைக் கட்டையைக் கழற்றி, அடியைத் தேய்த்துப் பதித்து, மெல்லிய கம்பி போட்டுக் கொடுத்தேன். நசீர் அமத்தினார். சத்தம் சுத்தமாக வந்தது. விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு மாசமா எண்ட வெரலத்தான் ஏசிட்டு இருந்தன் மிஸ். இப்ப அதுக்கிட்ட என்னத்தச் சொல்ற?"

இரண்டு சத்தம்

ஜெயந்தி அக்காவின் பாட்டில் நாலாவது வரியில் ஒரு பள்ளம் இருந்தது. கோட் என்று நாங்கள் சொல்கிற விரல்பிடிகளில் எஃப் என்று ஒன்று உண்டு. ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்துக் கம்பிகளை அமத்த வேண்டும். கிற்றாரைக் கைவிட்டவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் கைவிட்டிருப்பார்கள். அக்கா பாட்டைத் தொடங்குவார், மூன்று வரி வழுக்கிக்கொண்டு போகும், எஃப்பில் கை இடறும், 'ச்சா' என்பார், திரும்பவும் முதல் வரி. மாதக்கணக்கில் இதே கூத்து. வாசிக்கத் தெரிந்த மூன்று வரியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, தெரியாத ஒன்றை ஒவ்வொரு தரமும் தொட்டுவிட்டு ஓடி வந்தால் அது எப்படிப் பழகும்? பாட்டை மறந்துவிடுங்கள், சி என்கிற பிடியிலிருந்து எஃப்புக்கும் எஃப்பிலிருந்து சிக்கும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை கண் சிவந்து வந்தார். சொன்னதைச் செய்திருக்கிறார். செய்யச் செய்யக் கணவர் ரகுநாதன் டிவியின் சத்தத்தைக் கூட்டியிருக்கிறார். கடைசியில் அக்கா பொறுக்கமாட்டாமல், தனக்கும் பாட்டு வரும் என்று காட்டுவதற்காக முதல் வரியிலிருந்து தொடங்கி, பழைய பள்ளத்தில் விழுந்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். ஒழுங்காகப் பழகினால் கேட்கிறவர்களுக்கு அது பழுதாகத்தான் கேட்கும். பிழையாகப் பழகினால் பாட்டு மாதிரிக் கேட்கும். வீட்டில் உள்ளவர்களுக்குப் பாட்டு மாதிரிக் கேட்டால் போதும், பழகுகிறவள் எக்கேடு கெட்டால் என்ன? இத்தனைக்கும் ரகுநாதன் கேட்டதாக அக்கா சொன்னது ஒரே ஒரு கேள்வி.

"அந்த மிஸ்ஸுக்கும் இந்த ரெண்டு சத்தம்தான் தெரியுமோ?"

மீன் இல்லாத தூண்டில்

அந்த ரகுநாதன் வழக்கமாக என் படலைக்கு வெளியே நின்று ஹோர்ன் அடித்து மனைவியை ஏற்றிக்கொண்டு போகிறவர். ஒரு சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே வந்து இருக்க வேண்டியதாயிற்று. கெட்ட மனிதர் இல்லை. துறைமுகப் பக்கம் ஒரு கொம்பனியில் கணக்குப் பார்க்கிறார், மரியாதையாகக் கதைக்கிறார். குறை நினைக்க வேண்டாம் என்று தொடங்கி, இந்த வயதில் அவவுக்கு ஏன் இந்தக் கரைச்சல் என்றார். அவவுக்கு விளங்காது, நீங்களாவது சொல்லக்கூடாதா என்றார். அண்ணன் குடும்பத்துக்கு முன்னால் வாசித்துச் சிரிப்புக்கிடமாகப் போகிறா என்று உண்மையான கவலையோடு சொன்னார். அக்கா கம்பியைப் பார்த்தபடி குனிந்து இருந்தார்.

இந்த மனிதர் வேலை முடிந்து வந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு துறைமுகக் கரைக்குப் போய், இருட்டும்வரை கல்லில் இருப்பவர் என்பது எனக்குத் தெரியும். அவர் பிடித்த மீன் ஒன்றாவது குசினிக்கு வந்து அக்கா கண்டதில்லை. மீன் சந்தையில் வாங்குகிறார்கள். ஒரு நாளாவது யாராவது அவரைப் பார்த்து, இந்த வயதில் உங்களுக்கு ஏன் தூண்டில் என்று கேட்டதுண்டா? கேட்டேன். எவ்வளவு காலமாகப் போகிறீர்கள், என்ன பிடித்தீர்கள், ஆட்களுக்கு முன்னால் வெறுங்கையோடு வர வெட்கமில்லையா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல இரக்கத்தோடு பார்த்தார்.

"அது பொழுதுபோக்கு, மிஸ். அதுக்கு ஏன் மீன்?"

நிற்கக்கூடாது

அன்றிலிருந்து நானும் அக்காவும் கட்சி கட்டினோம். அவர் தூண்டிலோடு வெளியே போகிற நேரம் அக்காவின் நேரம். குசினியில் ஒரு கதிரை, அதில் கிற்றார். சோறு கொதிக்கிற நேரம் எஃப், வடிக்கிற நேரம் ஓய்வு, தேங்காய் துருவமுன் திரும்பவும் எஃப். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு நாளும். இருந்து மணிக்கணக்கில் வாசித்துக் கை வீங்கியபோது வராதது அப்படி வந்தது. சித்திரை பிறக்கும்போது கை கேட்காமலே எஃப்புக்குப் போனது. பள்ளம் மூடிவிட்டது என்று நான் சந்தோசப்பட்டதோடு சரி. மற்ற இரண்டு பேருக்கும் முன்னால் வாசிக்கச் சொன்னபோது முதல் பிழையிலேயே நிறுத்தி, மன்னிக்கச் சொல்லி, திரும்பவும் முதல் வரிக்குப் போய்விட்டார்.

ஒரு பிழைக்கு மன்னிப்புக் கேட்டு முதலிலிருந்து தொடங்குகிற பழக்கம் அக்காவுக்குக் கிற்றாரில் வந்ததல்ல. அந்த வீட்டில் கறிக்கு உப்புக் கூடினாலும் அதுதான் நடக்கிறது. ஆகவே வகுப்பில் புதுச் சட்டம் போட்டேன். தனியே பழகும்போது நில்லுங்கள், பிழையைத் திருத்துங்கள். ஆள் கேட்கும்போது வீடு இடிந்தாலும் நிற்கக்கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மூவரும் ஒருவருக்கொருவர் வாசித்தார்கள். சிவபாலன் ஐயா தொடையில் சுத்தமான வேட்டி ஒன்றை மடித்து விரித்து, அதற்குமேல் கிற்றாரை வைத்து வாசித்தார், சந்தனமும் தப்பியது. நசீர் கடையில் வியாபாரம் இல்லாத நேரம் வாசித்துப் பழகியிருந்ததால் கூச்சம் போயிருந்தது. அக்காவுக்குப் புத்தி சொன்னவரும் அவர்தான்.

"பிழை வந்தாலும் நிக்காதீங்க அக்கா. நான் கடையில வாசிக்கக்குள்ள கொஞ்சம் நிண்டாப் போதும், உடனே ஆணி கேப்பாங்க."

ஆவணியில் ஒரு ஞாயிறு

அண்ணன் வந்ததற்கு அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு, என்னையும் அழைத்திருந்தார்கள். நண்டுக்கறி, கணவாய்ப் பொரியல், சொந்தக்காரரும் அயலவர்களும் நிறைந்த வீடு. எல்லோரும் கை கழுவிவிட்டு வந்து இருந்தபோது, ஆக்களுக்கு முன்னால் வேண்டாம், மானம் போய்விடும் என்று ரகுநாதன் அக்காவின் காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குள் அண்ணன் குசினிப் பக்கம் போய்க் கிற்றாரைக் கண்டு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஏதோ ஒரு பாட்டின் தொடக்கத்தை அட்டகாசமாக வாசித்தார், பாதியில் மறந்தார், சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பாதியில் மறந்த ஆம்பிளைக்கு அவ்வளவு கைதட்டல். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. அக்கா எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்து கையை மட்டும் நீட்டினார். அண்ணன் கொடுத்தார்.

வாசித்தார். மூன்று வரி போனது, எஃப் வந்தது, சுத்தமாக வந்தது. கடைசிச் சரணத்தில் அதே எஃப் சரியாக அமராமல் இரைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா நிற்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, பாட்டை இழுத்துக்கொண்டுபோய்க் கடைசி வரியில் விட்டார். இதை எப்போது பழகினாய் என்று அண்ணன் தாழ்ந்த குரலில் கேட்டார். அக்கா வாய் திறக்கமுன் வாசல் பக்கமிருந்து ரகுநாதன் பதில் சொன்னார். நான்தான் அனுப்பினேன், சனிக்கிழமை தவறாமல் ஏற்றி இறக்கியது வேறு யார், விடாமல் பழகு என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த அளவுக்கு வந்தது என்று நெஞ்சை நிமிர்த்தி எல்லோருக்கும் விளக்கினார். கையில் தட்டு இருந்திருந்தால் எறிந்திருப்பேன். இன்னொரு தரம் வாசி என்று அண்ணன் கேட்டார். அதே நேரம் யாரோ தேத்தண்ணி கேட்டார்கள். பழக்கத்தில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கிற்றாரை மடியைவிட்டு இறக்காமலே கணவரைப் பார்த்தார்.

"தேத்தண்ணியை நீங்கள் போடுங்கோ. நான் இன்னொருக்கா வாசிக்கிறன்."

நாற்பது தாண்டிய விரல்களைப் பழக்குவதற்கு எனக்கு நல்ல முறைகள் பல தெரியும், ஆனால் ரகுநாதனைக் குசினிக்கு அனுப்பிய முறை மட்டும் நான் பழக்கியதல்ல.