தனிமை, நான்கு

ஓய்வா மொய்லனென் எனக்கு நாலாயிரம் யூரோ கடன்பட்டிருந்தான். பனி கனத்து அவன் வீட்டுக் கூரை உள்ளே உட்கார்ந்துவிட்ட வருடம், உடனே பணம் கேட்காமல் கடனுக்குப் புதுத் தகடு போட்டுக் கொடுத்தவன் நான்தான். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் இந்த ஏரிக்கரையில் என் கை படாத கூரை கிடையாது. ஒன்றுகூட இன்றுவரை ஒழுகியதில்லை.

ஓய்வா நாற்பது வருடம் காட்டில் மரம் வெட்டியவன். யாருமே அதிகம் பேசாத எங்கள் ஊரிலேயே அவனுக்கு வாய்ப்பூட்டு என்று பட்டப்பெயர். மனைவி ஹில்க்கா இறந்தபோது, பழைய வழக்கப்படி, தன் கையால் மரத்தில் கட்டிய சவுனாவின், அதாவது ஆவிக்குளியல் குடிலின், கீழ்ப்பலகையில் கிடத்தித்தான் அவளைக் கழுவினான். அதற்குப் பிறகும் சனிக்கிழமை தவறாமல் அடுப்பு மூட்டி, அதன் மேல் சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் அதே பலகையில் தனியாக உட்கார்ந்திருப்பான். அவனுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

செய்த உதவியை ஒளிக்கிற ஆள் இல்லை நான். கடையில் காபி குடிக்கும் மேசையில், அவன் இருக்கும்போதே சொன்னேன்: "ஓய்வா தலைக்கு மேல இருக்கிறது என் தகடு." எல்லாரும் சிரித்தார்கள். அவன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். பிறகு அந்த மேசைக்கு வரவே இல்லை.

அந்த வசந்தத்தில் தலைநகரிலிருந்து வில்யா என்று ஒரு கலைக்காரப் பெண் வந்தாள். சவுனாவை அப்படியே பெயர்த்துக் கலைக்கூடத்தில் நிறுத்தப் போகிறாளாம். நாலாயிரம் தருகிறேன் என்றாள். திறப்பு விழா அன்று, கையில் ரொக்கமாக வேண்டும் என்றான் ஓய்வா. அதற்குமேல் ஒன்றே ஒன்று கேட்டான். "நான் அங்க வரலாமா?"

"எப்ப வேணும்னாலும் வாங்க ஐயா. அது என்னைக்கும் உங்க சவுனாதான்."

சவுனாவைப் பிரித்து, கட்டைகளில் சுண்ணக்கட்டியால் எண் போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோடை முழுக்க அவன் சமையலறையில் வாளி வைத்துக் குளித்தான். என் சவுனாவுக்கு வரச் சொன்னேன். எட்டுப் பேர் உட்காரலாம், அப்படிக் கட்டியிருக்கிறேன். கடன் தீரட்டும் என்று சொல்லிவிட்டான்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை. என் காரில்தான் கூட்டிப் போனேன். ஆறு மணி நேரமும் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். துண்டு, மாற்று உள்ளாடை, சவுனா ஆவியில் முதுகில் அடித்துக்கொள்ளப் புதிதாகக் கட்டிய பிர்ச் மரத்து இலைக்கொத்து.

"இது எதுக்குப்பா?"

"இன்னைக்குச் சனிக்கிழமைதானே."

அங்கே குளிக்கலாம் என்று நினைத்துத்தான் வருகிறான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் வண்டியை ஓட்டிக்கொண்டே போனேன்.

வெள்ளைச் சுவர்க் கூடத்தின் நடுவில் சவுனா நின்றது. கதவுப் பக்கம் பெயர் அட்டை. அவன் கண்ணாடி கொண்டுவரவில்லை. நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்: 'தனிமை, நான்கு.'

"மத்த மூணு பேரு யாரு?" என்றான்.

அடுப்புக் கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். எத்தனை மணிக்கு மூட்டுவார்கள் என்று வில்யாவிடம் கேட்டான். அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"இங்க நெருப்பு வைக்க முடியாதுங்க ஐயா. தண்ணியும் ஊத்தக் கூடாது."

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கீழ்ப்பலகையில் போய் உட்கார்ந்தான். காவலாளி வந்து, மரியாதையாகத்தான், கையைக் காட்டினான்.

"அதுல உக்காரக் கூடாதுங்க. தொடவும் கூடாது."

எழுந்துவிட்டான். வில்யா கொடுத்த உறையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தான். கார் நிற்கும் இடத்தில் குப்பைத்தொட்டி இருந்தது. இலைக்கொத்தை அதில் போட்டான்.

"கைய நீட்டு, ரெய்னோ."

"ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்பா. இதோட கணக்கு தீந்துச்சு. வர்ற சனிக்கிழமை என் சவுனாவுக்கு வா."

"எனக்கு இனிமே சவுனா வேணாம். நீட்டு."

நீட்டினேன். நூறு யூரோத் தாள்கள். விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாக எண்ணி, நாற்பதையும் என் உள்ளங்கையில் வைத்தான்.