சதுர அடைப்புக்குள் ஒரு பெயர்

சனிக்கிழமை காலை தில்லி முனிர்காவில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஹேமலதாவின் கணவர் அழைத்தார். "சார், ஹேமா போயிட்டா" என்றார். "ஔர் க்யா, பாய்சாப்?" என்று வேறென்ன வேண்டும் எனக் கேட்ட கடைக்காரரிடம் கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஹேமலதா இங்கே கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் மென்பொருள் குழுவில் சேர்ந்த அன்றே, "எனக்குத் தமிழ் படிக்க வராது சார், திட்ட நல்லா வரும்" என்று எச்சரித்தார். பெயருக்கு நான் தலைவன். குழுவைத் தாங்கியவர் அவர்தான்.

எங்கள் இணையதளம் படுத்துவிட்டால் எழுப்பும் பொறுப்பு வாரம் ஒருவருக்கு. யார் முறை என்று திங்கள்தோறும் தானாகப் போகும் மின்னஞ்சலுக்கு ஒரு டெம்ப்ளேட், அதாவது மாதிரி வடிவம், எழுதச் சொன்னேன்.

"டெம்ப்ளேட்டுக்குள்ளயே லிஸ்ட் பண்றது ஈஸி சார். சதுர அடைப்பு போட்டு, நடுவுல கமா கமாவா பேரு எழுதினாப் போச்சு. ஆனா யாரு லீவு, யாருக்கு உடம்பு சரியில்லன்னு அதுக்குத் தெரியாது. ரெண்டு நாள் குடுங்க, லீவு ரெஜிஸ்டர்லேர்ந்து எடுக்கற மாதிரி பண்ணிடறேன்."

"அதெல்லாம் அப்புறம். ஜல்தி முடிங்க" என்றேன்.

முடித்தார். திரையைக் காட்டி, "அச்சா, இதுல உங்க பேரு எங்க சார்?" என்று சிரித்தார். நானும் சிரித்து மழுப்பினேன்.

போன மாதம் அவர் மருத்துவமனையில் இருந்தபோது அந்தப் பட்டியல் அவரைத்தான் அழைத்தது. "விடுங்க சார், லேப்டாப் இங்கதான் இருக்கு" என்றார். நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தேன். அந்த வாரம் தளம் விழுந்தபோது, கையில் டிரிப்ஸ் ஊசியோடு அவர்தான் எழுப்பினார். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எடுக்கவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்தத் திங்கள் காலை அவர் கணவர் மறுபடி அழைத்தார். "இந்த வாரம் ஹேமா டூட்டின்னு அவ போன்ல வந்திருக்கு சார். வர முடியாதுன்னு யார்கிட்ட சொல்லணும்?"

அதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே கேட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஹேமலதாவிடம் கேட்க வழியில்லை.

டெம்ப்ளேட்டைத் திறந்தேன். அடைப்புக்குள் முதல் பெயர் அவருடையது. அதை அழித்துவிட்டு, அதே இடத்தில் என் பெயரை எழுதினேன். மின்னஞ்சலை மறுபடி அனுப்பினேன்.

இந்த வாரம் என் முறை, ஹேமா. நீங்கள் தூங்குங்கள்.