வெல்லத்தைப் பற்றி ஒரு வரி

கோணலும் மாணலுமான இந்த எழுத்தைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். எழுபத்தொரு வயதில் எழுதக் கற்றவனின் கை இது. ஒவ்வோர் எழுத்தும் சரியாக விழும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும். என்னோடு வேலை செய்த செல்வராஜின் பெயரை எழுதும்போதும் வந்தது, வெட்கமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை சாயாக்கடையில் இருந்தேன். அவன் இறந்துபோனதாக அவன் மனைவி ஆள் அனுப்பிச் சொன்னாள்.

கொச்சியில் மட்டாஞ்சேரிக் கிடங்குகளுக்கு நாங்கள் இருபது வருடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டோம். அவன் ஷீட்டை அறுப்பான், நான் தூக்கிக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பதும் நான்தான். தொண்டையில் போன தூள் வெல்லத்தோடு வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று நம்பினோம். அதனால் ஒருவரும் வாயில் துணி கட்டவில்லை.

மூச்சு முட்டி வேலையை விட்டபின், செல்வராஜ் பஷீரின் இன்டர்நெட் கடையிலேயே கிடந்தான். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று கம்ப்யூட்டரில் ஒரு கலைக்களஞ்சியம் உண்டு. அதில், ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்று எழுதினான். முகம் தெரியாத ஒருவர், ஆதாரம் இல்லை என்று அதை எடுத்துவிட்டார். உன் எக்ஸ்ரேயைப் போட்டுக் காட்டு என்றேன்.

"அது என் நெஞ்சோட கதைண்ணே. புஸ்தகத்துல இருக்கணும்" என்றான். இரைத்துக்கொண்டே மூன்று முறை எறணாகுளம் நூலகத்துக்குப் போய், ஒரு மருத்துவப் புத்தகத்தின் பக்க எண்ணோடு வந்தான். அதன்பின் அந்த வரி நின்றது.

அதே பக்கத்தில் நான் அவனுக்குத் தெரியாமல் பஷீரைக் கொண்டு ஒரு வரி சேர்த்தேன்: தூள் போனாலும் வெல்லம் தின்றால் ஆபத்தில்லை. மறுநாளே செல்வராஜ் எடுத்துவிட்டான். கடை வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சிக்கு வெல்லக்காரன் கமிஷன் ஏதும் தருதோ?" என்று பஷீர் எங்களைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

"இருபது வருஷம் தின்னேன். எனக்கு ஒண்ணும் வரலையே?" என்றேன்.

"நானும் தின்னேன்ணே. உங்க கையால."

அதன்பின் ஐந்து மாதம் அவனோடு பேசவில்லை. வரியை எடுத்ததற்குக் காரணமாக என்னைப் பற்றி அங்கே என்ன எழுதிவைத்திருக்கிறான் என்று நானே பார்க்க வேண்டும். அந்தக் கோபத்தில்தான் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

தகனம் முடிந்த மாலை, பஷீர் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். வரியை எடுத்ததற்கான காரணத்தை யார் உதவியும் இல்லாமல் எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'ஆதாரம் இல்லை. இதை நம்பி யாராவது வாயில் துணி கட்டாமல் ஷீட் அறுக்கக்கூடும். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், அவரைத் திட்ட வேண்டாம்.' என் பெயர் எங்கும் இல்லை. வாசிக்க முடிந்ததே என்ற சந்தோஷமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அவனுடையது என்று என்னிடம் இருப்பது இந்த மூன்று வாக்கியங்கள்தான். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றின் கீழே பதில் எழுத இடம் உண்டாம். கம்ப்யூட்டரில் எழுத்துகளைத் தேடி அடிக்க எனக்கு நேரமாகும். அடுத்த வாரம் போய் எழுதுவேன்: நீ எடுத்தது சரி, செல்வராஜ். வெல்லம் கொடுத்தவன் நான்.