மயிலையின் மாலை ஊசி

கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். நம்ப வைப்பதற்காக எதையும் கூட்டவில்லை. நம்பாதவர்களுக்காக எதையும் குறைக்கவும் இல்லை.

சென்ற ஆண்டு, சாரல் காலம். இலஞ்சி சாலையில் நான் நடத்தும் கால்நடை மருத்துவமனைக்கு மயிலை என்ற பெண்குதிரையைக் காலையும் மாலையும் அழைத்து வந்தார்கள். ஐந்தருவிக்கு வரும் பயணிகளுக்குச் சவாரி விடும் பாண்டிராஜின் குதிரை அது. வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்காக லாரியில் நெடுநேரம் நின்றபடி போய்வந்ததில் நுரையீரலில் கிருமி தொற்றியிருந்தது. கடுங்காய்ச்சல், மூக்கில் மஞ்சள் சளி. பெனிசிலின் ஊசியைத் தொடங்கினேன்.

அழைத்து வருபவர் பாண்டிராஜின் மனைவி மஞ்சு. பிள்ளை இல்லாத வீடு. குதிரையை ஒருநாளும் 'அது' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஊசி ஏறும்போது மயிலையின் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"அவரா? ஊசியக் கண்டா இவளாவது நின்னுக்கிட்டு நடுங்குதா. அவரு படுத்துருவாரு, டாக்டர்."

மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. மயிலை புல்லைக் கடிக்கத் தொடங்கியது. ஆனால் கழுத்தின் இருபுறமும் ஊசி இறங்கிய இடங்கள் வீங்கியிருந்தன. மஞ்சு அவற்றைத் தடவியபடியே கேட்டார்.

"இதுக்குப் பதிலா வாயில குடுக்க ஒண்ணும் இல்லையா? சொரண்டையில எங்க அண்ணன் கோழிப்பண்ணையில பொடிதான் போடுதாவ. தண்ணியில கலக்குனா முடிஞ்சுது."

கூடாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். காய்ச்சல் இறங்கியது நலிந்த கிருமிகள் செத்ததால்தான். வலுத்தவை இன்னும் உள்ளே இருக்கின்றன. இப்போது ஊசியை நிறுத்தினால் அவை பெருகும். அதைவிட முக்கியமானது குடல். குதிரை தின்னும் புல்லைச் செரிக்க வைப்பவை அதன் பெருங்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள். கோழிக்கு நன்மை செய்யும் சில மருந்துகள் குதிரையின் வயிற்றில் அவற்றை அழித்துவிடும். பிறகு கழிச்சல். பிறகு குதிரை இருக்காது.

மஞ்சு தலையாட்டினார்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன்.

"சீசன் கூட்டம், டாக்டர்," என்றார் பாண்டிராஜ். குரல் கம்மியிருந்தது. "நாளைக்குச் சாயங்காலம் மஞ்சு கண்டிப்பாக் கூட்டிட்டு வருவா."

மறுநாள் பிற்பகல் முழுவதும் மழை. மாலை ஆறரை மணிக்கு மின்சாரம் போயிற்று. சிறிது நேரத்தில் வாசலில் குளம்பொலி.

டக்... டக்... டக்...

மயிலை வந்து வழக்கமான கம்பத்தருகே நின்றது. தனியாக. மஞ்சு எதிரே உள்ள கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கைவிளக்கை ஜன்னலில் வைத்துவிட்டு மருந்தை ஏற்றினேன். பெனிசிலின் பால்போல் வெண்மையானது, கனமானது, தடித்த ஊசி வேண்டும்.

அருகில் போனதும் மயிலை தானாகவே கழுத்தைத் திருப்பித் தந்தது. நடுங்கவில்லை.

கழுத்தைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. மழையில் வந்ததால் இருக்கும் என்று எண்ணினேன்.

ஆனால் மயிர் உலர்ந்திருந்தது...

வீக்கம் இல்லாத இடமாகப் பார்த்து ஊசியை இறக்கினேன். மருந்து மெல்ல ஏறியது. தோல் ஒரே ஒரு முறை சிலிர்த்தது.

பழக்கத்தில் விலாவைப் பார்த்தேன், மூச்சை எண்ணுவதற்காக.

விலா அசையவில்லை.

மூக்கருகே கையை வைத்தேன்.

காற்று இல்லை.

மஞ்சுவைப் பெயர் சொல்லி அழைத்தேன்.

டக்... டக்...

மின்சாரம் வந்தபோது கம்பத்தருகே யாரும் இல்லை. மருந்துக் குழல் மட்டும் என் கையில் இருந்தது. வெறுமையாக.

காலையில் பாண்டிராஜின் வீட்டுக்குப் போனேன். பின்புறக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திய ஓர் உடல் கிடந்தது. தலைமாட்டில் மஞ்சு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து மத்தியானமே போயிட்டா, டாக்டர்," என்றார் பாண்டிராஜ். "ரெண்டு நாளாக் கழிச்சல். ஒங்ககிட்டச் சொல்ல மூஞ்சி இல்ல. மழையில குழியும் தோண்ட முடியல."

"அந்தப் பொடியா?"

"கருப்பட்டியில வச்சுக் குடுத்தா. கழுத்தப் பாக்கச் சகிக்கலன்னு..."

"நேற்று மாலை இங்கிருந்து யாராவது என்னிடம் வந்தார்களா?"

"ஒருத்தரும் வரல. மஞ்சு இந்த எடத்த விட்டு எந்திரிக்கவே இல்லியே."

அதுவரை பேசாதிருந்த மஞ்சு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து கரண்ட் போன கொஞ்ச நேரத்துல இவ கழுத்து ஒருக்காச் சிலுத்துது, டாக்டர். உசுரு வந்துட்டுன்னு நெனச்சேன். தடவிப் பாத்தேன். பால் மாதிரி என்னமோ கசிஞ்சுது. தொடச்சுத் தொடச்சுப் பாக்கேன்... இன்னும் நிக்கல."

தார்ப்பாயை விலக்கிக் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். விரலால் தொட்டு முகர்ந்தேன். என் தொழிலில் தினமும் முகரும் மருந்து வாசனை அது.

"இது என்னது?" என்று கேட்டார் மஞ்சு.

விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன்.

மஞ்சு வேறொன்று கேட்டார். மெதுவாக.

"ஊசியவே போட்டிருந்தா பொழச்சிருப்பாளா?"

"அதை உறுதியாகச் சொல்ல முடியாது, அம்மா."

தார்ப்பாயை இழுத்து மயிலையின் கழுத்தை மூடினார் மஞ்சு.

"பொய் சொல்லுதீய, டாக்டர்."