நான் கொன்ற சீன நடிகை

நல்ல சுகத்தோடு இருந்த ஒரு சீன நடிகையை நான் கொன்றேன். பிற்பகலில் கிரிக்கெட் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. நாங்கள் அம்மருட் என்ற நோர்வேஜியப் புறநகரில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். மூன்றாம் மாடிச் சீனப் பெண்மணிக்கும் என் மனைவிக்கும் நோர்வேஜிய வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அவர் இரவல் தரும் தொடர்நாடக இறுவட்டுகளில் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. ஊரில் ஆங்கிலம் படிப்பித்த நான் அருகில் இருந்து தமிழில் சொல்ல வேண்டும். நாலு வருடம் சொன்னேன். அந்த நடிகை தேநீர் கொண்டுவரும் வேலைக்காரியாகத் தொடங்கிக் கதாநாயகியாகி, கடைசியில் மருமகளைப் பட்டினி போடும் மாமியாராகவும் வந்தாள். மனைவிக்கு அவள் "எங்கடை பிள்ளை". மாமியாரானபோது மட்டும் இரண்டு நாள் கோபித்திருந்தாள்.

ஒருநாள் பொறுமை கெட்டு, அந்த நடிகை கார் விபத்தில் இறந்துவிட்டதாக இணையத்தில் வாசித்தேன் என்றேன். தொலைக்காட்சி என் கைக்கு வந்தது. ஆனால் மீன் குழம்பு போய்விட்டது.

"எங்களுக்குத் துடக்கு, தீட்டு எண்டு இல்லைத்தான். எண்டாலும் நாலு வருசமாய் வீட்டுக்கை இருந்த பிள்ளை. முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் மச்சம் வேண்டாம்," என்றாள் மனைவி.

முப்பது நாள் பூசணிக்காயும் பருப்பும் தின்றுகொண்டு கிரிக்கெட் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் மனைவி வடை, பாயசம், ஏழு கறி என்று படைத்தாள். பிறகு ஒரு தட்டில் எடுத்து மூடி என் கையில் தந்து, தன்னோடு சீனப் பெண்மணியிடம் வந்து ஆங்கிலத்தில் துக்கம் விசாரிக்கச் சொன்னாள்.

லிஃப்ட் ஐந்தாம் மாடியைத் தாண்டும்போது உண்மையைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் மாடி வீட்டுத் தொலைக்காட்சியில் "எங்கடை பிள்ளை" தவளைத் தொப்பி போட்டுக்கொண்டு, வாய் நிறைய நூடில்ஸோடு ஆடிக்கொண்டிருந்தாள். நடிப்பை விட்டு விநோத நிகழ்ச்சி நடத்த வந்துவிட்டாளாம். மனைவி அழுதாள். பிறகு தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் என் குற்றத்தை விளக்கினாள். சீனப் பெண்மணி வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அன்று பின்னேரம் மன்னிப்புக் கேட்டேன். இனி ஒவ்வொரு நாளும், எவ்வளவு நேரமானாலும் வாசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம். நீங்கள் வாசிச்சால் ஆர் உயிரோடை இருக்கினம், ஆர் செத்திட்டினம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்குப் பிறகு பிற்பகல்களில் அவள் மூன்றாம் மாடிக்குப் போகத் தொடங்கினாள். மீன் குழம்பும் கிரிக்கெட்டும் ஒன்றாகக் கிடைத்தும் எனக்கு இரண்டும் ருசிக்கவில்லை. மூன்றாம் வாரம் நானும் போய், கேட்காமலே சோபாவின் ஓரத்தில் இருந்தேன். பழைய இறுவட்டொன்றில் நடிகை ஏதோ சொன்னாள். சீனப் பெண்மணி அதை நோர்வேஜிய மொழியில் மனைவிக்குச் சொன்னார். மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே தமிழில் எனக்குச் சொன்னாள்.

அடியில் ஓடிய ஆங்கிலத்துக்கும் அவள் சொன்னதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

"ஓம்," என்றேன்.