காதால் பார்த்த படம்

அந்தக் கசட்டைப் போட்டால் முதலில் முருகன் பாட்டு வரும். அரை வரி பாடி முடிப்பதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு, "கதவைத் திற தங்கச்சி, நான்தான் வந்திருக்கிறேன்" என்பாள். பெரியப்பாவின் பக்திப் பாட்டுக் கசட்டின் மேல், ரேடியோவில் போன ஒரு பழைய படத்தின் ஒலிச்சித்திரத்தை அக்கா பதிவு செய்து வைத்திருந்தாள். விஷயம் தெரியாத பெரியப்பா ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, கசட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். எப்படியோ அது நடுவிலிருந்து ஓடத் தொடங்க, முருகனுக்குப் பதிலாக வில்லன் சிரித்தான். அன்றைக்கு அக்கா வாங்கிய ஏச்சு மேல் லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் கேட்டது. ஆனால் கசட்டை அழிக்கச் சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. மறுவாரம் அவரே, "அந்தப் பொம்பளப் புள்ள கத என்னாச்சு, போடு பாப்பம்" என்றார்.

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். தெரணியகலைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவளுக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினாலு. படமோ பெரியப்பாவுக்குக் கலியாணம் ஆவதற்கு முன்னால் வந்தது. எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. பேட்டரி இறங்கிவிட்டால் அதைக் கூரைத் தகரத்தில் வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரு மணி நேரம் பிழிந்தெடுப்போம். புதுப் படங்களும் ரேடியோவில் வரும்தான். ஆனால் கண்ணில்லாமல் கேட்டால் அவை பாதிக்கு மேல் அடிதடிச் சத்தமும் கார் சத்தமும்தான். பழைய படத்தில் எல்லோரும் பேசினார்கள். கோபம் வந்தால் பேசினார்கள், காதல் வந்தால் பேசினார்கள், சாகும்போதும் ஒரு பக்க வசனம் பேசிவிட்டுத்தான் செத்தார்கள். காதை மட்டும் வைத்துக்கொண்டு படம் பார்க்கிற எங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அக்காவோடு சேர்ந்து பால் வெட்டும் பெண்கள் நான்கு பேர், பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும். ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்று அந்தப் படம் முழுவதையும் நாங்கள் பேசி நடிப்போம். மூத்தவளாக எப்போதும் அக்கா. தங்கச்சியாக நான். கனத்த குரல்காரி ஒருத்தி இருந்தாள், கதாநாயகனும் வில்லனும் அவள்தான். கதாநாயகன் ஆறடி உயரம், சுருட்டை முடி, சிவப்பு என்று முடிவு செய்திருந்தோம். மூத்தவள் வரும் இடமெல்லாம் 'சலங் சலங்' என்று கேட்கும். அது அவள் கால் கொலுசு என்று அக்கா தீர்மானித்து, அதே தாளத்துக்கு இடுப்பை ஆட்டி நடந்து காட்டுவாள். இதெல்லாம் சண்டையில்லாமல் தீர்ந்த விஷயங்கள். தீராத விஷயம் ஒன்றே ஒன்றுதான், கடைசிக் காட்சி.

கதை இவ்வளவுதான். தாய் தகப்பன் இல்லாத ரெண்டு பெண்களில் மூத்தவள் வீட்டு வேலை செய்து தங்கச்சியை வளர்க்கிறாள். தங்கச்சி பெரிய இடத்துக்கு வாழ்க்கைப்பட்டு, அக்காவைப் பார்க்க வெட்கப்படுகிறாள். கடைசியில் மூத்தவள் வாசலில் நின்று, "நீ நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அப்புறம் பேச்சே இல்லை. 'சளக் சளக்' என்று ஒரு சத்தம், வேலைக்காரி துணி துவைக்கிறாள் என்போம். வீணை. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல்: "அக்கா!" அவ்வளவுதான், முடிவு இசை. மூத்தவள் திரும்பி வந்தாளா, போயே விட்டாளா? வந்துவிட்டாள் என்பது அக்காவின் கட்சி. "தங்கச்சி அப்புடி கூப்புட்டா எவளாலடி போக முடியும்?" என்பாள். போய்விட்டாள் என்பது என் கட்சி. அவ்வளவு ரோஷக்காரி, ஒரு தடவை கூப்பிட்டதற்காக வந்துவிடுவாளா? ஒரு வருடமாக இந்த வழக்கு நடந்தது. சில நாள் இதற்காகவே பேசாமல்கூட இருந்திருக்கிறோம்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் குவைத்தில் வீட்டு வேலை சரிவந்தது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போகவேண்டும். அதற்கு முந்தின புதன்கிழமை, லவுட் ஸ்பீக்கர் கட்டிய வேன் ஒன்று தோட்டத்து ரோட்டில் வந்தது. டவுன் தியேட்டருக்கு வரவேண்டிய புதுச் சிங்களப் படம் தாமதமாகிவிட்டதாம். அதுவரைக்கும் மூன்று நாளைக்கு ஒரு பழைய தமிழ்ப் படமாம். படத்தின் பெயரைக் கேட்டதும், கையில் இருந்த வாளியைப் போட்டுவிட்டு அக்கா வேனின் பின்னால் ஓடினாள். நாங்களும் ஓடினோம். வியாழனும் வெள்ளியும் பாஸ்போர்ட்டு, மருத்துவச் சோதனை என்று போய்விட, மிச்சம் இருந்தது சனிக்கிழமை ரெண்டரை மணி ஷோ மட்டும். "போறதுக்குள்ள அது எனக்குத் தெரியணும்டி. இல்லாட்டி அந்தப் பாலைவனத்துல படுத்துக்கிட்டு, வந்தாளா போனாளான்னே யோசிச்சுக்கிட்டு கெடப்பேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சனிக்கிழமை விடியும்போது மழை. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை, மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. பட்டையில் வழிகிற தண்ணீரோடு பாலும் மரத்தில் கட்டிய சிரட்டைக்கு வெளியே போய்விடும். அதற்காக வேலை இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். மழை விட்டு, மரம் காய்ந்து, அதன் பிறகு வெட்டு. ஒன்பதரைக்கு வெட்டத் தொடங்கினால் பால் சேர்த்து நிறுத்துக் கொடுக்க மூன்று மணி தாண்டிவிடும். மழை ஏழு மணிக்கு விட்டது. எங்கள் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை மரத்தைத் தொட்டுப் பார்த்து, "காயட்டும், காயட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் கனத்த குரல்காரி லயத்துக்கு ஓடி, அவள் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துக் கொண்டுவந்தாள். காயாவிட்டால் என்ன, துடைத்தால் போகிறது!

அடுத்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. குளித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குத் தலை துவட்டுவது போல ஆளாளுக்கு மரங்களைத் துவட்டினோம். சின்னப் பிள்ளைகள் கீழே, நாங்கள் மேலே. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு ஒரு வரிசை முழுக்கத் துடைத்தார். "துடைக்கிறதுன்னா ஒழுங்கா துடைங்க, வெட்டுற எடத்துக்கு மேலயும் துடைங்க" என்று அதிகாரம் வேறு. கணக்கப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது அவரும், "அந்தப் படமா? நான் கலியாணத்துக்கு முந்தி பார்த்தது" என்று எழும்பிவிட்டார். முடிவு என்ன என்று சொல்ல வாயெடுத்தவரை அக்கா கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தாள். எட்டு மணிக்கெல்லாம் கத்தி மரத்தில் விழுந்தது.

ஆனாலும் படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தோம். தலைமுடியில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்க, பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்த ஆறு பெண்களைப் பார்த்து டிக்கட் கிழிக்கிறவர், "மொகத மே, நங்கி?" என்று சிரித்தார். இது என்ன கோலம் தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்ட அவருக்கு, அக்காவும் சிங்களத்திலேயே விளக்கிக்கொண்டே உள்ளே ஓடினாள். இருட்டில் இடம் தேடி உட்காரும்போதே அந்தக் குரல் கேட்டது. எங்கள் குரல்! அதாவது, ஒரு வருடமாக நாங்கள் பேசிய குரல். திரையில் அதற்கு ஒரு வாய் இருந்தது, கண் இருந்தது, மூக்குத்தி இருந்தது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

கதாநாயகன் வந்தான். குட்டையாக, தொப்பையோடு, உதட்டில் சாயமும் மினுக்கமுமாக. "அய்யய்யே!" என்று எங்கள் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் அலறியது. அழகன் யாரென்றால் வில்லன். கனத்த குரல்காரி உட்கார்ந்த இடத்திலேயே கட்சி மாறிவிட்டாள். அதைவிடப் பெரிய அடி 'சலங் சலங்'. அது கொலுசு இல்லை. மூத்தவள் வளர்த்த ஆட்டின் கழுத்து மணி! ஒரு வருடமாக நீ ஆடு மாதிரித்தான் நடந்தாய் என்று சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்த சிரிப்பில், முன்னால் இருந்தவர்கள் "கட வஹகன்ன" என்று வாயை மூடச் சொன்னார்கள். மூட முடிந்தால்தானே? ஒவ்வொரு வசனமும் திரையில் வருவதற்கு முன்னால் எங்கள் வாயில் வந்து நின்றது.

பாதிப் படத்துக்குப் பிறகு கரகரவென்று இரைந்துகொண்டிருந்த சத்தம், ஒரேயடியாக நின்றுபோனது. படம் ஓடுகிறது, வாய் அசைகிறது, பேச்சு இல்லை. விசில், கூச்சல், பெஞ்சில் அடி. மேலே மெஷின் அறையில் யாரோ எதையோ தட்டிப் பார்த்தும் பலிக்கவில்லை. நாலு பேர் எழுந்து போகத் தொடங்கினார்கள். அப்போது அக்கா எழுந்து நின்றாள். திரையில் மூத்தவள் வாயைத் திறக்க, அக்கா பேசினாள். "என் சோற்றை நான் உழைத்துச் சாப்பிடுகிறேன் ஐயா, உங்கள் இரக்கத்தை இலையில் வைக்காதீர்கள்!" ஒரு சொல் பிசகவில்லை. கனத்த குரல்காரி வில்லனாகப் பதில் சொன்னாள். தங்கச்சி வந்ததும் நானும் எழுந்தேன். முன்வரிசையில் துணிக்கடை முஸ்லிம் நானா ஒருவர் திரையை விட்டுவிட்டு எங்கள் பக்கமே திரும்பி உட்கார்ந்து, "சொல்லுங்க புள்ள, அடுத்தது என்னா சொன்னான்?" என்றார். போகக் கிளம்பியவர்கள் நின்றார்கள். படமில்லாத சத்தத்தை வைத்து வாழ்ந்த எங்களுக்குச் சத்தமில்லாத படம் கிடைத்திருந்தது. ரெண்டையும் ஒட்டவைத்தோம். ஒவ்வொரு காட்சி முடிவிலும் கைதட்டல் விழுந்தது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கைதட்டலை நான் வாங்கியதில்லை.

கடைசிக் காட்சி வந்தது. "நீ நல்லா இரு" என்று அக்கா சொல்லி முடித்தாள். மூத்தவள் வாசலைவிட்டு இறங்கினாள். தங்கச்சி கதவின் பின்னால் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு ஓடினாள். வாய் திறந்தது. நான் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து "அக்கா!" என்று கத்தினேன். தியேட்டரே அதிர்ந்தது. திரையில் அகலமான ஒரு ஆறு. நடு ஆற்றில் ஒரு ஓடம், அதில் புள்ளியாக மூத்தவள், முதுகைக் காட்டிக்கொண்டு. துடுப்பு தண்ணீரில் விழுந்து எழும்புகிறது. துணி துவைக்கிற சத்தம் என்று நாங்கள் சத்தியம் செய்த 'சளக் சளக்' அதுதான். அவள் திரும்பவில்லை. 'சுபம்' என்று எழுத்து விழுந்தது.

எல்லோரும் வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா மட்டும் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வரவும் இல்ல, போகவும் இல்லடி" என்றாள் மெதுவாக. "அவளுக்குக் கேக்கவே இல்ல." கேட்டு வந்தாள் என்ற அவள் கட்சி, கேட்டும் போனாள் என்ற என் கட்சி, ரெண்டும் தோற்றது. தங்கச்சியாக நடித்தவள் மைக்குக்குப் பக்கத்தில் நின்று கத்தியிருக்கிறாள், அதனால் எங்களுக்குக் காதுக்குள்ளேயே கேட்டது. எங்களுக்குக் கேட்டால் அவளுக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்துவிட்டோம். காதால் மட்டும் படம் பார்க்கிறவர்களுக்கு, ஒருத்திக்குக் கேட்காமல் போயிருக்கும் என்று எப்படித் தோன்றும்? திரும்பி வரும் பஸ்ஸில் ஆட்டு நடையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். இறங்கும்போது என் தலையில் ஒட்டியிருந்த பாலைப் பிய்த்துக்கொண்டே, "கூப்புடுறதா இருந்தா நேரத்தோட கூப்புடணும், என்னா?" என்றாள்.

அக்கா ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்து, கலியாணம் கட்டிக் கஹவத்தைப் பக்கம் குடும்பமாக இருக்கிறாள். அவளுடைய மகள் இப்போது அதே படத்தைக் கைபேசியில் பார்க்கிறாள். வேண்டிய இடத்தில் நிறுத்துகிறாள், பிடித்த இடத்தைத் திரும்பப் போடுகிறாள். அந்தக் குட்டைக் கதாநாயகனைத் தோழிகளுக்கு அனுப்பி, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அடுப்படியில் நின்றபடி, திரையைப் பாராமலே அக்கா வசனத்தை முன்னால் சொல்லிவிட, "அம்மா, சும்மா இருங்க!" என்று கத்துகிறாள். சின்னதுகள் பழைய படத்தை இப்படி ஆசையாகப் பார்க்கும்போது எனக்கு ஒரு பொறாமையும் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் அவர்களுக்கு, நடுவில் ஓடம் போகிற அந்த ஆறு முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் வழியனுப்ப என்னை விடவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். நான் சீருடையோடு, பால் வெட்டிக்கொண்டிருந்த அந்த நான்கு பேரிடம் ஓடினேன். எங்கள் மலைக்குக் கீழேதான் ரோடு. பஸ் வளைவில் ஏறி வருகிற இரைச்சல் கேட்டது. ஜன்னலோரத்தில் அக்காவின் மஞ்சள் தாவணி தெரிந்தது, முகம் முன்பக்கம் பார்த்தபடி. நான் "அக்கா!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. நான்கு பேரும் கத்தியைக் கீழே போட்டார்கள். ஐந்து பேரும் சேர்ந்து கத்தினோம். மேல் மலையில் வெட்டிக்கொண்டிருந்தவர்களும் என்னவோ ஏதோ என்று எங்களோடு சேர்ந்து கத்தினார்கள். பஸ் கிறீச்சென்று நின்றது. யாரோ ஏறவேண்டும் என்று நினைத்துக் கண்டக்டர் இறங்கி நின்று, மேலே பார்த்து ஏசினார். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தள்ளிக்கொண்டு, ரெண்டு கையையும் ஆட்டி, அழுகையும் சிரிப்புமாக அக்கா கத்தினாள்:

"கேக்குதுடி! கேக்குது! நல்லாவே கேக்குது!"