பாலில் போகாத மருந்து

மகள் பிறந்து ஒரு மாதம் ஆனபிறகு என் முகத்தில் பருக்கள் வர ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் போன காலத்தில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. தாடையின் இரண்டு பக்கமும், காதுக்குக் கீழேயும், தொட்டால் வலிக்கிற பருக்கள். சிலவற்றின் நுனியில் சீழ் தெரிந்தது.

முகம் கெட்டுப்போகிறதே என்ற கவலை எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தோளில் போட்டால் மகள் தலையைத் திருப்பித் திருப்பி என் தாடையைத்தான் தேடுவாள். பசி வந்துவிட்டால் அங்கேயே வாயை வைத்துச் சப்புவாள். அந்தச் சீழ் அவள் வாய்க்குள் போனால் என்ன ஆகும்?

அவளைப் பற்றி நான் ஏற்கெனவே பயந்து போயிருந்தேன். பிறந்த சில நாட்களிலேயே அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் கண்களைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது, மறுபடியும் மஞ்சளாகத் தெரிந்தால் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வார்த்தை எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறோம். கணவருக்குக் கண்டி டவுனில் வேலை. பிரசவத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துக்கொள்ள மாமியார் பன்விலையிலிருந்து வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், இது உடம்புச் சூடு என்று அவர் முடிவு செய்தார். அப்படியானால் குளிர்ச்சியாக ஏதாவது குடிக்கலாமா என்று கேட்டேன். செவ்விளநீர் கூடாது, தயிர் கூடாது, வெள்ளரிக்காய் கூடவே கூடாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்றார். என் முகத்துக்கு நல்லது எல்லாம் அவள் நெஞ்சுக்குக் கெடுதல். படித்தவள்தானே, இதை நம்பலாமா என்று யோசிப்பேன். நம்பாமல் குடித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டால் யாரைக் கேட்பது என்றும் யோசிப்பேன். கடைசியில் குடிக்க மாட்டேன்.

என்னோடு வேலை செய்யும் ஒருத்தி, டவுனில் விற்கும் ஒரு கிரீமின் படத்தை அனுப்பினாள். பூசினால் ஒரே வாரத்தில் போய்விடுமாம். பெட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தோல் வழியாக இரத்தத்துக்குப் போய், பாலிலும் வந்துவிட்டால்? வேண்டாம் என்று விட்டேன். ஒருநாள் தேசிக்காயைப் பிழிந்து அந்தப் புளிச்சாற்றைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். எரிந்து சிவந்ததுதான் மிச்சம். பிறகு நெற்றியில் முடி விழாமல் இறுக்கிக் கட்டினேன். கை முகத்துக்குப் போகும்போதெல்லாம் இழுத்துக்கொண்டேன். தலையணை உறையைத் தினமும் மாற்றினேன். அது அடைமழைக் காலம், எதுவும் காயாது. கணவர் வேலைக்குப் போகுமுன் ஈர உறைகளை அயன் பண்ணிக் காயவைத்துத் தந்துவிட்டுப் போவார்.

நான் கண்ணாடி முன்னால் நிற்பதைப் பார்த்து மாமியார் ஒருநாள் சொன்னார்: "கண்ணாடியப் பாக்குற நேரத்துல பிள்ளையப் பாரு. உள்ளுக்குக் குடிக்கிறதுதான் பாலுல போகும். மேலுக்குப் பூசுறது எங்க போகப் போகுது? பேசாம மஞ்சளப் பூசு."

அது எனக்குச் சரியாகப் பட்டது. பயமில்லாத ஒரே மருந்து அதுதான் என்று தோன்றியது. தன் வீட்டுப் பின்பக்கத்தில் விளைந்த பச்சை மஞ்சளை அவர் கொண்டு வந்திருந்தார். அதை வேப்பிலையோடு அம்மியில் அரைத்துத் தருவார். குளிக்குமுன் பூசி, காய்ந்ததும் பாசிப்பயறு மாவு போட்டுக் கழுவிவிடுவேன். கழுவினாலும் முகத்தில் கொஞ்சம் மஞ்சள் நிற்கும். எங்கள் பெண்கள் முகத்தில் அதை யார் கவனிக்கிறார்கள்? பருவும் கொஞ்சம் அடங்கியது போலத்தான் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் மழை விடவில்லை. குளிருக்குப் பயந்து மாமியார் பிள்ளையைக் குளிப்பாட்டவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து உடம்பை மட்டும் துடைத்துவிட்டார். ஒருநாள் காலையில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மகளை ஜன்னல் பக்கம் தூக்கிப் போனேன். அவள் கன்னம் மஞ்சளாக இருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். திரைச்சீலை நிறம் அடிக்கிறதோ என்று அவர் திரையை விலக்கினார். விலக்கியும் மஞ்சள்தான். மாமியார், உனக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பார்த்ததும் சாமி படத்துக்கு முன்னால் போய்த் திருநீறு எடுத்துவந்து பிள்ளையின் நெற்றியில் வைத்தார். அவரும் பயந்துவிட்டார் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வந்தது.

மாமியாரும் கூட வர, த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாலத்தில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. பள்ளிக்கூட வேன்கள் போகிற நேரம். மகள் மூடியிருந்த கையை மெல்லப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கை மஞ்சள். கைக்கு வந்துவிட்டால் காமாலை முற்றிவிட்டது என்று எப்போதோ போனில் படித்திருந்தேன். இரண்டாவது மாதத்தில் வந்தால் ஈரல் கோளாறாக இருக்கலாம் என்றும் படித்திருந்தேன். வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் போலிருந்தது. பிரித்த கையை மறுபடியும் மூடிப் பிடித்துக்கொண்டேன். கீழே மகாவலி கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

டாக்டர் ஓர் இளம் பெண். சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். பிள்ளையின் உடுப்பைக் கழற்றச் சொன்னார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், இமையை இறக்கிக் கண்ணைப் பார்த்தார். மலம் என்ன நிறம் என்று கேட்டார். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பருவைப் பார்க்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

அவர் பஞ்சில் எண்ணெய் தொட்டு மகளின் கன்னத்தைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது. துடைத்த இடத்தில் கன்னம் இளஞ்சிவப்பாக இருந்தது. என் தாடையைப் பிசைந்த கையும் அப்படித்தான், துடைக்கத் துடைக்க வந்தது.

மாமியார் பெரிதாக மூச்சு விட்டார். "எம் பேத்திக்கு மஞ்சத் தண்ணி ஊத்துற வயசு இன்னும் வரல டாக்டர். அதுக்குள்ள இவ அவசரப்பட்டுட்டா."

டாக்டருக்குப் புரியவில்லை. தமிழ் தெரிந்த நர்ஸ் சிரித்து, அவருக்கும் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. எதற்கும் இரத்தம் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். தேவையில்லை, கண் வெள்ளையாக இருக்கிறது என்றார். மறுபடியும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் எடுக்கலாம், ஆனால் இந்தச் சின்னக் கையில் ஊசி குத்த வேண்டும், குத்தட்டுமா என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றேன்.

பருவுக்கு அவர் அதிகம் சொல்லவில்லை. காலையும் மாலையும் மென்மையான சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும், கிள்ளக்கூடாது, கேட்காமல் எந்தக் கிரீமும் வாங்கிப் பூசக்கூடாது, குறையாவிட்டால் வாருங்கள் என்றார். நான் தலையாட்டினேன். வீடு வரும்வரை, குத்தட்டும் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மாமியார் மிச்ச மஞ்சளைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டார். நான் முகத்தைக் கழுவி, துவாலையால் ஒற்றி, துவாலையில் நிறம் ஏதும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மகளைத் தூக்குகிறேன். பருக்கள் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒன்று அடங்கினால் இன்னொன்று வருகிறது.

நேற்றுக் காலை அவள் என் தாடையைப் பிடித்து வாயை வைத்தாள். விலக்கப் போனேன், அழுதாள், விட்டுவிட்டேன். அவள் சப்பி முடித்துத் தூங்கப் போகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் தூக்கிப் போய் இமையை மெல்ல இறக்கினேன். வெள்ளையாகத்தான் இருந்தது. மற்றக் கண்ணையும் பார்த்தேன்.